‘உனக்கு வேணாம், நீ உக்காரு’

எண்பதுகளில் பெரம்பூரில் படித்தவர்களுக்கு வீட்டு வேலை என்றால் நோட்டு. கொஞ்சம் விசேஷமான வேலை என்றால் சார்ட். பேப்பர் மில்ஸ் ரோட்டு ஸ்டேஷனரி கடையில் வெள்ளை சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டித் தருவார்கள். கூடவே தலைவர்கள், பறவைகள், வாகனங்கள் என்று சின்னச் சின்னக் கட்டங்களில் படம் அச்சிட்ட தாள். அதைக் கத்தரித்துக் கோந்து தடவி ஒட்டி, சிவப்பு ஸ்கெட்ச்சில் தலைப்பு, பச்சையில் உள்தலைப்பு, சுற்றிலும் ஜிகினா. விஷயத்துக்கு ஊரிலேயே பஞ்சமில்லை. பி அண்ட் சி மில் தொழிலாளர்களைத் திரட்டி 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதற்கு உழைத்த வாடியா, திரு.வி.க.; 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை. வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஐ.சி.எஃபிலோ ரயில்வேயின் கேரேஜ், லோகோ பட்டறைகளிலோ மில்லிலோ இருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவரைக் கேட்டால் பாதி சார்ட் நிறைந்துவிடும்.

என் வகுப்பில் கண் தெரியாத பையன் ஒருவன் இருந்தான். சார்ட் வேலை பிரித்துக் கொடுக்கும்போது அவன் பெயர் வந்தால் சார் அன்பாகத்தான் சொல்வார்: “உனக்கு வேணாம்ப்பா, நீ உக்காரு.” அவனும் உட்காருவான். மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் போலவே வந்து சேரும். முடிந்த சார்ட்டுகளைச் சுவரில் மாட்டிவிட்டு நாங்கள் சுற்றிச் சுற்றி வேடிக்கை பார்ப்போம். மில் சங்கம் தொடங்கிய கதையை வகுப்பிலேயே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன் அவன்தான், அவன் தாத்தா மில்லில் வேலை பார்த்தவர். அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துச் சார்ட் ஒரு வகையில் தோழன். எல்லாம் எழுத்தும் படமும்தானே. வரைவதில் கெட்டிக்காரியாக இருந்துவிட்டால் குழுவில் முதல் அழைப்பு அவளுக்குத்தான். ஆனால் சார்ட்டை வகுப்பின் முன்னால் பிடித்துக்கொண்டு விளக்கும் நாள் வரும்போது, “நீ பேச வேணாம்மா, பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்” என்பார்கள். அவள் வரைந்ததை வேறொருத்தி தன் குரலில் சொல்வாள்.

இப்படிச் சாதாரணப் பள்ளியில் உட்கார்ந்திருந்தவர்களே குறைவு. ஊனமுற்ற குழந்தைகளை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கும் மத்திய அரசின் திட்டம் 1974-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பெரம்பூர் குடும்பங்களுக்குத் தெரிந்த வழி, பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளி விடுதியோ, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட்டோதான். அங்கே போனவர்கள் பிரெய்ல் படித்தார்கள், சைகை மொழியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். ஊரோடு தங்கியவர்களுக்குக் கூடப் படிக்கும் நண்பனின் வாய்தான் புத்தகம். கல்லூரி வரை போனவர்களுக்குத் தன்னார்வலர்கள் பாடத்தை உரக்கப் படித்து கேசட்டில் பதிவு செய்து தருவார்கள். யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் மல்டிமீடியா பாடத்தை முதலில் கையாண்டவர்கள் இவர்கள்தான். டேப் ரெக்கார்டரைப் பாட்டுக்கு மட்டும் வைத்திருந்த எங்களுக்கு அது உறைக்கவில்லை.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்களுக்கே தாங்கள் அதில் சேர்த்தி என்று தெரியாது. பெரம்பூர் ரயில்வே ஊர். இங்கே பல பையன்களுக்குத் தங்கள் கண்ணைப் பற்றிய உண்மை, வேலைக்கான மெடிக்கலில்தான் தெரியவரும். எஞ்சின் ஓட்டும் வேலைக்கு நிறப் பார்வை சரியாக இருக்க வேண்டும். ஜப்பானியர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட அந்தப் புள்ளிப் புத்தகத்தைத் திறந்து, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு பிரிவு, இல்லாவிட்டால் வீடு. “கலர்ல தள்ளிட்டாங்க” என்று தெருவே பேசும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத இந்தக் குறை பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வரும். தாய்வழியாக மகனுக்கு வருவது. அப்படியானால் அந்தப் பையன் பத்துப் பன்னிரண்டு வருடம் சிவப்புத் தலைப்பும் பச்சை உள்தலைப்பும் போட்ட சார்ட்டுகளை எப்படிப் பார்த்தான்? கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் வட்டமிட்ட முக்கியமான வரி அவனுக்கு முக்கியமாகத் தெரிந்ததா? யாரும் கேட்கவில்லை, அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. மில் 1996-இல் மூடிவிட்டது. தெருவுக்கொரு பிரவுசிங் சென்டரும் டி.டி.பி. கடையும் முளைத்தன. சார்ட் இருந்த இடத்தில் பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங். பிறகு ஸ்லைடு. இனிப் பார்வையற்றவர்களுக்கு விடிவுகாலம் என்று எல்லோரும் நம்பினோம். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டுமாமே என்றார்கள். ஆங்கிலத்துக்கு அது உண்மை. தமிழுக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது, அது இன்னும் முழுக்க விலகவில்லை.

டி.டி.பி. கடையில் ‘பாமினி’ மாதிரியான எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடிக்கிறார்கள். திரையில் அழகாக ‘அம்மா’ என்றே தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். திரை வாசிப்பான் வேஷத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் “எம், கே, செமிகோலன், கே, ஹெச்” என்று சொல்லும். ஒரு பக்கம் முழுக்க இப்படி வந்தால் கேட்பவன் காதுக்கு அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையை ஒழுங்கு செய்தார்கள். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் ‘அ’ என்றால் உலகத்தில் எந்தக் கருவியிலும் ‘அ’தான், வாசிப்பான் தடங்கலில்லாமல் படிக்கும். அடுத்த ஆண்டிலிருந்தே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் காசில்லாமலே கிடைத்தது; காசு கொடுத்து வாங்கும் ஜாஸ் நம் பிள்ளைகளுக்கு எட்டாத விலை. எல்லாம் கூடி வந்தது, டி.டி.பி. கடை மட்டும் மாறவில்லை. இன்றும் தமிழ்ப் பாட அசைன்மெண்டைக் கடையில் அடித்து வாங்கி வரும் பிள்ளை, பழைய எழுத்துருக் கோப்பைத்தான் பென் டிரைவில் கொண்டு வருகிறது. கைப்பேசியில் தானே அடித்த பிள்ளையின் கோப்பு தப்பிக்கிறது. நண்பர்களுக்குள் தங்கிலீஷில், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில், அடித்து அனுப்புவது தனிக் கதை. ‘நாங்க இன்னிக்கு வரல’ என்பதை ஆங்கிலக் குரல் படிப்பதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிறகு 2020 மார்ச். பள்ளி மூடியது, கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் வகுப்பறையாகின. “வீடியோ எடுத்து அனுப்பு” என்பது அப்போது புகுந்த பழக்கம். 2021 செப்டம்பரில் உயர்வகுப்புகள் திறந்த பிறகும் அது போகவில்லை. இன்று பெரம்பூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை கூடக் கைன்மாஸ்டரிலோ இன்ஷாட்டிலோ மூன்று நிமிடப் படம் வெட்டி ஒட்டிவிடும்.

இங்கேதான் தலைகீழ் மாற்றம். சார்ட் காலத்தில் வெளியே நின்றவன் பார்வையற்ற மாணவன். வீடியோ காலத்தில் அவனுக்கு ஒரு வழி திறந்தது, குரல் இருக்கிறதே. சார்ட்டோடு உறவாக இருந்த காது கேளாத பெண்ணுக்குக் கதவு மூடியது. வாயசைவைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு முகக்கவசம் அதையும் பறித்திருந்தது. கருவி புதிதாகும் ஒவ்வொரு முறையும் வெளியே நிற்கிறவர் மாறுகிறார், வெளியே ஒருவர் நிற்பது மாறுவதில்லை. “உனக்கு வேணாம், நீ உக்காரு” என்று இன்று எந்த டீச்சரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதை இப்போது அசைன்மெண்டே சொல்லிவிடுகிறது.

நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகள் ஒருமுறை ரயில் அருங்காட்சியகம் பற்றி வீடியோ எடுத்தார்கள். ஐ.சி.எஃப். பக்கம் நியூ ஆவடி ரோட்டில் 2002 முதல் இருக்கிறதே, அதுதான். பழைய நீராவி எஞ்சின்கள், பெட்டிகள், குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் சின்ன ரயில். குழுவில் பார்வைக் குறையுள்ள பையன் ஒருவன். முதல் வடிவத்தைப் போட்டுக் காட்டியபோது அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இது இதுன்னு சொல்றீங்களே, எதுடா?” என்றான். உண்மைதான். “இதோ பாருங்க, இங்க இருக்கறது இவ்ளோ பெருசு” என்று நீளமாகப் பேசியிருந்தார்கள். கேமரா காட்டும் என்ற தைரியத்தில் வாய் சொல்லாமல் விட்ட சொற்கள். திரும்பப் போய்ப் பதிவு செய்தார்கள். “சக்கரம் என் தோள் உயரம் இருக்கு. நடுவுல ஒரு கம்பி மூணு சக்கரத்தையும் சேத்துப் பிடிச்சிருக்கு” என்று வந்தது. இதற்கெனத் தனியாக வர்ணனைக் குரல் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. பேசுகிறவன் கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. அதைவிட முக்கியம், இரண்டாம் முறை போனபோது ஒலிப்பதிவு அந்தப் பையனின் பொறுப்பு. பெட்டியின் இரும்பை விரலால் தட்டினான், ரிவெட்டுகளை வரிசையாகத் தடவி எண்ணிக்கொண்டே போனான், அந்த எண்ணிக்கையே படத்தின் பின்னணிக் குரலாயிற்று. பார்ப்பவனாகச் சேர்ப்பது ஒன்று, செய்கிறவனாகச் சேர்ப்பது வேறு. பள்ளிகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

அடுத்தது வசன வரி, அதாவது சப்டைட்டில். அதில்தான் பெரிய சண்டை. கூகுளில் தமிழைப் பேசி எழுதும் வசதி 2017-இல் வந்தது, இப்போது கைப்பேசியிலேயே பேச்சு எழுத்தாகிறது. ஆனால் கருவி கற்றது செய்தி வாசிக்கும் தமிழை. வடசென்னைப் பையன், “இன்னா சொல்ல வர்றேன்னா, பாய்லர்ல தண்ணி கொதிச்சி அந்த ஆவி பிஸ்டன தள்ளும்” என்று ஒரே மூச்சில் விட்டால் அது திணறிப் போகிறது. ஆகவே கையால் எழுத வேண்டும். எப்படி எழுதுவது? பேசியபடியா, பாடப்புத்தகத் தமிழிலா? வகுப்பில் காது கேளாத பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் தமிழைக் கேட்டுக் கற்றவள் அல்ல, படித்துக் கற்றவள். ‘கொதித்து’ அவளுக்குத் தெரியும். ‘கொதிச்சி’ எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொல். டீச்சர் இலக்கணத் தமிழில் எழுதச் சொன்னார், அவருக்கு எழுத்துப் பிழைக் கவலை. பையன்கள் அப்படி எழுதினால் தங்கள் வீடியோ தூர்தர்ஷன் மாதிரி இருக்கும் என்றார்கள். அவளையே கேட்போம் என்று ஒருத்தி சொன்னாள். அவள் நோட்டில் எழுதிக் காட்டியது: எஞ்சின் பற்றியதைப் புத்தகத் தமிழில் போடுங்கள், நீங்கள் கிண்டல் செய்துகொள்வதை மட்டும் பேசியபடியே போடுங்கள், நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

எனக்கு இதைவிட நல்ல விதி தெரியவில்லை. இன்னும் சில சின்ன விஷயங்கள்: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், படித்து முடிக்க நேரம் கொடுங்கள், எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடுங்கள், பேசுகிறவர் வாயை மறைக்காதீர்கள். ஹாரன் அடித்தால் ‘ரயில் ஹாரன்’ என்று எழுதுங்கள். கானா பீட்டைப் பின்னணியில் போடாத வீடியோவே எங்கள் பக்கத்தில் இல்லை. போடட்டும், பேச்சு வரும் இடத்தில் நன்றாகக் குறைக்கட்டும். காதில் கருவி மாட்டியிருக்கும் பிள்ளைக்கு அது பேச்சோடு தாளத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பட்பட்டென்று வெளிச்சம் வெட்டும் எஃபெக்ட் கூடவே கூடாது. நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிட்டால் வலிப்பு வரக்கூடியவர்கள் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரே காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஸ்லைடில் படம் வைத்தால், அந்தப் படத்தை அழுத்திப் பிடித்தோ ரைட் கிளிக் செய்தோ விளக்க வரி சேர்க்க இடமிருக்கிறது. வாசிப்பான் அதைத்தான் படிக்கும். ‘ரயில் படம்’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ‘ஐ.சி.எஃபில் தயாரான வந்தே பாரத் ரயில், கூர்மையான வெள்ளை முகப்பு, எஞ்சின் தனியாக இல்லை’ என்று எழுதினால் அந்த ஸ்லைடு எதற்கு இருக்கிறது என்பது விளங்கும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் கூடவே ஒரு வாய்ஸ். வட்ட வரைபடத்தில் சிவப்புத் துண்டு, பச்சைத் துண்டு என்று ஓரத்தில் குறிப்பு எழுதாமல் துண்டின் மேலேயே பெயரை எழுதினால், மெடிக்கலில் பின்னால் தெரியவரப் போகும் பையன் எட்டாம் வகுப்பிலேயே தப்பிப்பான்.

பேச்சு வராத பிள்ளைகளுக்கான கதவு சென்னையிலேயே திறந்தது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். படங்களைத் தொட்டால் குரலாகும் ‘ஆவாஸ்’ கருவியை 2010 வாக்கில் உருவாக்கியவர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன். கோட்டூர்புரத்து வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகிப் பிறந்தது அது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இன்று டேப்லெட்டைத் தொட்டுத் தன் ப்ராஜெக்டைத் தானே சொல்ல முடியும். உயர்கல்வியிலும் அசைவு உண்டு. மாநிலக் கல்லூரியில் 2007 முதல் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது.

சட்டத்துக்கும் குறையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒலி, அச்சு, மின்னணு எதுவானாலும் எல்லோரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை வாழும் உரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. அதே 2016 சட்டம் கூடுதல் நேரம், எழுத்தர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றையும் தருகிறது. விலக்கு தேவையான இடம் உண்டு, தேர்வு அறை அதில் ஒன்று. வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து செய்யும் வேலையிலிருந்து விலக்குவது சலுகை ஆகாது என்பதே என் கட்சி.

ஊனம் இல்லாமலே வெளியே நிற்பவர்களும் இருக்கிறார்கள். ‘அமைதியான அறையில் பதிவு செய்க’ என்று அசைன்மெண்ட் தாளில் இருக்கும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலும் தண்டவாளத்தை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்திலும் அமைதியான அறை எது? போர்வைக்குள் புகுந்து பேசுகிறார்கள், நடுவில் எலெக்ட்ரிக் ட்ரெயின் போகிறது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்; ராத்திரி வந்தபின்தான் கைக்குக் கிடைக்கும். ‘உன் வீட்டைச் சுற்றிக் காட்டு’ என்று வேலை கொடுத்த ஒரு பள்ளியில் அன்றைக்கு மட்டும் பாதிப் பிள்ளைகளுக்கு வீடியோ ‘டெலிட் ஆகிவிட்டது’. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். முகம் காட்ட விரும்பாதவர் குரலை மட்டும் கொடுக்கலாம், போன் இல்லாதவர் எழுதிக் கொடுக்கலாம், இன்னும் ஒருவர் சார்ட்டே போடலாம் என்று வழிகளைத் திறந்து வைத்தால் என்ன? அமெரிக்காவில் காஸ்ட் என்ற அமைப்பு இதைத்தான் தொண்ணூறுகளிலிருந்து ஒரு கோட்பாடாகவே சொல்லி வருகிறது. அளக்க வேண்டியது நீராவி எஞ்சின் எப்படி ஓடியது என்று பிள்ளைக்குத் தெரியுமா என்பதை. அதற்கு வீடியோவே வேண்டும் என்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த டீச்சர்கள் இருக்கிறார்கள். பிரச்சினை மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. உள்ளடக்கம், எடிட்டிங், கற்பனை, நேரத்தில் ஒப்படைத்தல் என்று பங்கு பிரித்திருப்பார்கள். வசன வரிக்கும் படவிளக்கத்துக்கும் அதில் கட்டமே இல்லை. மதிப்பெண் இல்லாத வேலையை எந்தப் பிள்ளை செய்யும்? ரயில் வீடியோ குழுவின் டீச்சரிடம் இதைக் கேட்டேன். “சேக்கலாம்ங்க, ஆனா மொத்தம் இருபத்தஞ்சுதான், எதுல இருந்து அஞ்ச எடுக்கறது?” என்றார். பக்கத்தில் நின்ற பையன் யோசிக்கவே இல்லை: “எடிட்டிங்ல எடுங்க மிஸ். அத ஆப்பே பண்ணிடுது.”